ஸ்லீப் 6: என் டெஸ்ட்டே மறைத்து வைத்த பிழை

பூதலூர் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. மாமா முறை உள்ள ஒருவர் நடத்துகிறார். அங்கே லாரியும் டிராக்டரும் ஏறி நிற்கிற வே பிரிட்ஜுக்கான மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். காசுக்கு இல்லை, கேட்டார், எழுதினேன். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு தை மாத இரவு, பத்தரை மணிக்கு ஃபோன்.

"மாப்ள, சீட்டு கையில இருக்கு. கம்ப்யூட்டர்ல அந்த லோடையே காணுமே?"

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நெல் லோடு வந்தால் முதலில் லோடோடு எடை. பிறகு நெல்லைக் கொட்டிவிட்டு வந்து காலி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த விவசாயியின் நெல். கொட்டின நெல் ஏற்கெனவே கிடக்கிற அம்பாரத்தோடு கலந்துவிடும். திரும்ப அள்ளி எடை போட முடியாது. அன்றைக்கு லோடு எடை போட்டு, சீட்டும் அச்சாகி, வண்டி இறங்கிப் போன கையோடு கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப் போச்சு. திரும்ப கம்ப்யூட்டரைப் போட்டால், முந்தைய லோடு வரை எல்லாம் இருக்கிறது, இந்த ஒரு லோடு மட்டும் இல்லை. நல்லவேளையாக அந்தப் பெரியவர் சீட்டை வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்திருந்தார். கையால் எழுதிக் கணக்கை முடித்தார்கள். சீட்டு தொலைந்திருந்தால்?

எனக்கு உறைத்தது வேறு ஒரு விஷயம். கரண்ட் போனால் பதிவு தொலையக் கூடாது என்பதற்கென்றே நான் ஒரு டெஸ்ட் எழுதி வைத்திருந்தேன். அது பல மாதமாகப் பச்சை விளக்குதான் காட்டிக்கொண்டிருந்தது. பிழை புரோகிராமில் இருந்தது என்பது பாதிக் கதைதான். அதைப் பிடிக்க வேண்டிய டெஸ்ட்டுக்குள்ளேயே ரேஸ் கண்டிஷன் இருந்தது, அதை நான் "சரி செய்த" விதம்தான் உண்மையான பிழையை மூடி மறைத்தது. இந்தப் பதிவு அந்த இரண்டாவது பாதியைப் பற்றியது.

பிழையை நாமே நுழைப்பது

ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் என்றால், கெட்டது நடக்கட்டும் என்று காத்திருக்காமல் நாமே அதை நடத்திப் பார்ப்பது. வட்டு எழுத மறுக்கிறது, பாதியில் கரண்ட் போகிறது, படித்தால் குப்பை வருகிறது. இதையெல்லாம் செயற்கையாக உண்டாக்கி, மேலே ஓடுகிற மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பது.

இந்தத் துறையில் படிக்க ஆரம்பித்தால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வருவதைக் கவனிக்கலாம். 2005-இல் எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் வந்த 'அயர்ன் ஃபைல் சிஸ்டம்ஸ்' கட்டுரையின் முதல் ஆசிரியர் விஜயன் பிரபாகரன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ரெம்சி, ஆண்ட்ரியா ஆர்பசி-டுசோ தம்பதியின் குழுவில் செய்த வேலை. வட்டு என்றால் முழுசாக ஓடும் அல்லது முழுசாகச் சாகும் என்கிற நினைப்பை அது உடைத்தது. ஒரு பிளாக் மட்டும் எழுதாமல் போகலாம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கலாம். அப்படி நடந்தால் எக்ஸ்ட்3, ரெய்சர்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ் எல்லாம் என்ன செய்கின்றன என்று வரிசையாகச் சோதித்தார்கள். எழுதும்போது வரும் பிழைகளை எக்ஸ்ட்3 பல இடங்களில் கண்டுகொள்ளாமலே போனது அப்போது வெளிவந்தது.

அதே குழுவிலிருந்து 2014-இல் வந்தது 'ஆலிஸ்' என்ற கருவி. தணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன் முதலானோர் எழுதிய கட்டுரை. எஸ்க்யூலைட், கிட், போஸ்ட்கிரெஸ், ஜூகீப்பர் என்று 11 மென்பொருள்களில் 60 பலவீனங்களைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு பேர் பயன்படுத்துகிற மென்பொருள்களுக்கே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதின என் வே பிரிட்ஜ் மென்பொருள் எம்மாத்திரம்!

ரேஸ் கண்டிஷன், சுருக்கமாக

ஒரே சீட்டுப் புத்தகம், இரண்டு எழுத்தர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் கடைசி எண்ணைப் பார்க்கிறார்கள்: 41. இருவரும் அடுத்த சீட்டுக்கு 42 என்று போடுகிறார்கள். இரண்டு வண்டிக்கு ஒரே எண். ஒருவர் எழுதி முடித்த பிறகு மற்றவர் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. விளைவு யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து மாறினால் அது ரேஸ் கண்டிஷன். பத்தில் ஒன்பது தடவை சரியாக நடக்கும், அதுதான் இதில் கொடுமை.

ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் பிறக்கும்போதே ரேஸோடு பிறக்கிறது. சோதிக்கப்படும் புரோகிராம் ஒரு பக்கம் ஓடுகிறது. பிழையை நுழைக்கிற கருவி இன்னொரு பக்கம். நடுவில் லினக்ஸ் கெர்னல் தன் இஷ்டத்துக்குப் பின்னணியில் வட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. மூன்று பேர் மூன்று வேகத்தில் ஓடுகிறார்கள்.

நான் கட்டியிருந்த டெஸ்ட்

மென்பொருளின் சேமிப்பு முறை எளிமையானது. அன்றன்றைக்கு ஒரு ஃபைல். புதுப் பதிவு வந்தால், முழு ஃபைலையும் புதுப் பதிவோடு சேர்த்து ஒரு தற்காலிக ஃபைலில் எழுதுவேன். எஃப்சிங்க் கூப்பிட்டு அது வட்டில் இறங்கும் வரை காத்திருப்பேன். பிறகு ரீநேம் செய்து பழைய ஃபைலின் இடத்தில் வைப்பேன். பிறகு சீட்டு அச்சாகும். பாதி எழுதின ஃபைல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பலரும் பின்பற்றுகிற முறைதான்.

டெஸ்ட்டுக்கு லினக்ஸின் டிவைஸ் மேப்பரில் உள்ள டிஎம்-ஃப்ளேக்கியை எடுத்துக்கொண்டேன. வட்டுக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு அடுக்கு அது. 'டிராப் ரைட்ஸ்' என்று சொல்லிவிட்டால், எழுதச் சொல்லி வருவதையெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே குப்பையில் போடும். அந்த நிலையில் அன்மவுண்ட் செய்து, மறுபடி ஒழுங்கான நிலைக்கு மாற்றி மவுண்ட் செய்தால், கரண்ட் போய் வந்ததற்குச் சமம்.

டெஸ்ட்டின் படிகள்: புரோகிராமைப் பின்னணியில் ஓட விடு. போலி எடை ஒன்றை அனுப்பு. கரண்டை வெட்டு. திரும்ப மவுண்ட் செய். பதிவு இருக்கிறதா பார்.

ஓட்டினேன். சில சமயம் பச்சை, சில சமயம் சிவப்பு. காரணத்தை உடனே பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புரோகிராம் இன்னும் எழுதவே ஆரம்பிக்காதபோது டெஸ்ட் கரண்டை வெட்டிவிடுகிறது. எழுதாத பதிவு எப்படி இருக்கும்? டெஸ்ட்டின் அவசரம், புரோகிராமின் தப்பில்லை. ஆகவே எல்லோரும் செய்வதைச் செய்தேன். எடையை அனுப்பியதற்கும் கரண்டை வெட்டுவதற்கும் நடுவில் 'ஸ்லீப் 2'. சிவப்பு குறைந்தது, போகவில்லை. என் பழைய லேப்டாப்பின் வேகம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு 'ஸ்லீப் 6' போட்டேன். எல்லாம் பச்சை. வேலை முடிந்தது என்று மூடி வைத்தேன்.

அந்த ஆறு விநாடியில் என்ன நடந்தது

சிவப்பு விளக்கு இரண்டு வெவ்வேறு காரணத்துக்காக எரிந்திருக்கிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தன: "பதிவைக் காணோம்."

முதல் வகை, நான் நினைத்ததுதான். புரோகிராம் எழுதுவதற்கு முன்பே வெட்டு. இது பொய்த் தோல்வி.

இரண்டாவது வகை, புரோகிராம் எல்லாவற்றையும் முடித்து, சீட்டும் அடித்த பிறகு வெட்டு. அப்போதும் பதிவைக் காணோம். இது நிஜத் தோல்வி. தை மாத இரவில் ஆலையில் நடந்தது இதுதான்.

ஏன்? எஃப்சிங்க் தற்காலிக ஃபைலை வட்டில் இறக்கிவிட்டது, வாஸ்தவம். ஆனால் ரீநேம் என்பது ஃபைலுக்குள் நடக்கும் மாற்றம் இல்லை, அந்த ஃபைல் இருக்கும் டைரக்டரியில் நடக்கும் மாற்றம். அதை வட்டில் இறக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. டைரக்டரியைத் திறந்து அதற்கும் தனியாக எஃப்சிங்க் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் எக்ஸ்ட்4 அந்த ரீநேமைத் தன் ஜர்னலில் வைத்துக்கொண்டு, வசதிப்படும்போது எழுதும். இயல்பான அமைப்பில் அந்த இடைவெளி 5 விநாடி.

இப்போது 'ஸ்லீப் 6' என்ன செய்தது என்று பாருங்கள். ஐந்து விநாடிக்குள் ஜர்னல் தானாகவே எழுதிவிடும். ஆறாவது விநாடியில் நான் கரண்டை வெட்டும்போது எல்லாம் பத்திரமாக வட்டில் இருக்கும். பொய்த் தோல்வியைத் துரத்தப் போட்ட ஸ்லீப், நிஜத் தோல்விக்கும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது. 'ஸ்லீப் 2' போட்டபோது மிச்சமிருந்த சிவப்பு, பழைய லேப்டாப்பின் மந்தத்தால் வந்ததில்லை. அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

ஆலையில் வண்டி இறங்கிய கையோடு கரண்ட் போயிற்று என்றேனே, அது சீட்டு அடித்த ஐந்து விநாடிக்குள். வருஷத்தில் ஒரு தடவை நடக்கிற விஷயம். அந்த ஒரு தடவைக்காகத்தானே டெஸ்ட்!

நேரத்தை விடு, நிகழ்வைப் பிடி

திரும்பிப் போய் அந்தக் கட்டுரைகளை இன்னொரு தடவை படித்தேன், இந்த முறை கண்டுபிடிப்புகளுக்காக இல்லாமல் அவர்கள் எப்படிச் சோதித்தார்கள் என்பதற்காக. யாருமே "இரண்டு விநாடி கழித்துப் பிழையை நுழை" என்று செய்யவில்லை.

அயர்ன் கட்டுரையில் பிழையை வகை பார்த்து நுழைத்தார்கள். "ஐநோடு பிளாக்கைப் படிக்கும்போது தோல்வி", "ஜர்னல் பிளாக்கை எழுதும்போது தோல்வி" என்று. கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆலிஸ் புரோகிராமை ஒரு தடவை ஓட்டி, அது கெர்னலிடம் கேட்ட எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறது. பிறகு, நடுவில் கரண்ட் போனால் வட்டில் என்னென்ன நிலைகள் வர முடியும் என்று அந்தப் பதிவிலிருந்தே கட்டிப் பார்க்கிறது. ஓட்டத்தோடு போட்டி போடவே இல்லை.

2018-இல் விஜய் சிதம்பரம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு முதலிய மாணவர்களோடு வெளியிட்ட 'கிராஷ்மங்கி' இதில் இன்னும் தெளிவானது. எஃப்சிங்க், சிங்க் போன்ற ஒரு அழைப்பு முடிந்த புள்ளியில் மட்டும்தான் அது கரண்டை வெட்டிப் பார்க்கும். ஏனென்றால் அந்தப் புள்ளியில்தான் "இது வட்டில் இருந்தே ஆக வேண்டும்" என்று உறுதியாகச் சொல்ல முடியும். மற்ற இடத்தில் வெட்டினால், பதிவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தப்புச் சொல்ல முடியாது. இந்தக் கட்டுப்பாட்டோடு சின்னச் சின்ன வேலைகளாக லட்சக்கணக்கில் ஓட்டி, முதிர்ந்த லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் அதுவரை யாரும் அறியாத 10 பிழைகளைப் பிடித்தார்கள். அவற்றில் 7, 2014 முதலே கெர்னலில் இருந்தவை.

லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ஆட்கள் அன்றாடம் ஓட்டும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பிலும் இதே பாடம் இருக்கிறது. டிஎம்-ஃப்ளேக்கி அடிப்படையில் கடிகாரத்தை நம்பும் கருவி: இத்தனை விநாடி ஒழுங்காக இரு, இத்தனை விநாடி கெட்டுப் போ என்றுதான் அதற்குச் சொல்ல முடியும். எஃப்எஸ்டெஸ்ட்ஸ் அதில் 180 விநாடி, 0 விநாடி என்று போட்டு, கடிகாரத்தை ஏறக்குறைய செயலிழக்கச் செய்துவிட்டு, ஒழுங்கிலிருந்து கெட்டதற்கு மாற வேண்டிய தருணத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது.

செய்த திருத்தங்கள்

*1. சீட்டுதான் சாட்சி.* எந்த நேரத்தில் வெட்டுவது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த வாக்குறுதியைச் சோதிக்கிறோம் என்று கேட்டேன். வாக்குறுதி இது: சீட்டு வெளியே வந்துவிட்டால் பதிவு வட்டில் இருக்க வேண்டும். ஆகவே பிரிண்டருக்குப் பதிலாக ஒரு போலி பிரிண்டர். சீட்டின் கடைசி வரி அதற்கு வந்த கணமே கரண்ட் வெட்டு. ஸ்லீப் எதுவும் இல்லை. 20 தடவை ஓட்டினேன், 20 தடவையும் சிவப்பு. இருபது சிவப்பு விளக்கைப் பார்த்து சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

சீட்டு வரவே இல்லை என்றால்? அதற்கு ஒரு கால வரம்பு வேண்டியதுதான், 60 விநாடி வைத்தேன். ஆனால் வரம்பு தாண்டினால் அது தோல்வி என்று எழுதாது. "செல்லாது" என்று எழுதும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

*2. மதகுக்கு அப்பால் போன தண்ணீர்.* கல்லணையில் மதகை அடைத்த உடனே கடைமடை வாய்க்கால் காய்ந்துவிடாது. ஏற்கெனவே விட்ட தண்ணீர் ஓடி வந்துகொண்டேதான் இருக்கும். வட்டுக்குப் போகும் எழுத்தும் அப்படித்தான். "கெட்டுப் போ" என்று சொன்ன கணத்தில் வழியில் இருக்கும் எழுத்துகள் எந்தப் பக்கம் சேரும்? டிவைஸ் மேப்பரில் அட்டவணை மாற்றுவதற்கு முன் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். அது வழியில் இருப்பதெல்லாம் முடியும் வரை காத்திருக்கும். மாற்றியபின் ரெஸ்யூம். முன்னால் வந்தது பழைய அட்டவணை, பின்னால் வந்தது புதியது என்று கோடு கிழித்தமாதிரி பிரிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி. சஸ்பெண்ட் என்று சும்மா சொன்னால், அது மேலே உள்ள ஃபைல் சிஸ்டத்தையும் உறைய வைக்கும். உறைவதற்கு முன் ஃபைல் சிஸ்டம் கையில் உள்ளதை எல்லாம் ஒழுங்காக வட்டில் எழுதிவிடும். கரண்ட் போகப் போகிறது என்று வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொள்ளச் சொல்வது மாதிரி. எந்தப் பிழையும் வெளிவராது. 'நோலாக்எஃப்எஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் உறைய வைக்காமல் மாற்றும். எனக்கு இது தெரிய ஒரு முழு மாலை ஆயிற்று.

*3. எண்ணுவதிலும் ரேஸ்.* கரண்ட் வெட்டைத் தவிர, "வட்டு எழுத மறுக்கிறது" என்ற சோதனையும் வைத்திருந்தேன். அதற்குப் புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைத்தரகர் எழுதினேன். ஐந்தாவது எழுத்து வந்தால் பிழை என்று திருப்பி அனுப்பும். புரோகிராமில் இரண்டு திரெட்: ஒன்று எடைக் கருவியிலிருந்து வருவதை லாகில் எழுதும், இன்னொன்று பதிவை எழுதும். என் எண்ணிக்கை மாறிக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. மேலே சொன்ன 41, 42 கதையேதான். சில சமயம் இரண்டு பேருக்குமே ஐந்தாம் எண் கிடைத்து இரண்டு பிழை. சில சமயம் எண்ணிக்கை நழுவி, பிழை தப்பான எழுத்துக்குப் போய்விடும்.

எண்ணிக்கையைப் பிரிக்க முடியாத ஒற்றைச் செயலாக மாற்றியதும் எண் ஒழுங்கானது. ஆனால் அது பாதித் தீர்வு. ஐந்தாம் எண் எந்த திரெட்டுக்குப் போகும் என்பது அப்போதும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதனால் விதியையே மாற்றினேன். "ஐந்தாவது எழுத்து" என்பதை விட்டு, "தற்காலிக ஃபைலின் முதல் எஃப்சிங்க்" என்றேன். ஒவ்வொரு ஃபைலுக்கும், ஒவ்வொரு செயலுக்கும் தனி எண்ணிக்கை. யார் முந்தினாலும் பிழை ஒரே இடத்தில்தான் விழும்.

*4. முந்தைய டெஸ்ட்டின் பேய்.* ஒரு டெஸ்ட் முடிந்ததும் புரோகிராமைக் 'கில் 9' கொடுத்துக் கொன்று, உடனே அன்மவுண்ட் செய்வேன். அடிக்கடி "டிவைஸ் பிஸி" என்று வரும். கில் என்பது கட்டளை கொடுப்பதுதான், செத்துவிட்டது என்ற சான்றிதழ் இல்லை. வட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும் புரோகிராம் அந்தப் பதில் வரும் வரை சாகாது. நான் இந்தப் பிழையைக் கவனிக்காமல் விட்டதால், அடுத்த டெஸ்ட் பழைய மவுண்டின் மேலேயே ஓடி, பழைய பதிவைப் பார்த்துப் பச்சை காட்டியிருக்கிறது. இப்போது கில் கொடுத்த பிறகு புரோகிராம் முடிந்துவிட்டது என்ற தகவல் வரும் வரை காத்திருக்கிறேன். புது டிவைஸ் முளைத்ததும் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கும் யூடெவ் தன் வேலையை முடிக்கும் வரையும் காத்திருக்கிறேன். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் டைரக்டரி பெயரும் டிவைஸ் பெயரும் புதிது.

*5. மூன்றாவது பதில்.* எனக்கு அதிகம் உதவியது இதுதான். டெஸ்ட் என்றால் தேறியது, தோற்றது என்று இரண்டு பதில்தான் இருக்கும் என்று பழகிவிட்டோம். ஃபால்ட் இன்ஜெக்‌ஷனில் மூன்றாவது வேண்டும்: செல்லாது. பிழை உண்மையிலேயே நுழைந்ததா, நாம் சொன்ன இடத்தில்தானா, எத்தனை தடவை? இடைத்தரகர் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. சரியாக ஒரு வரி இருந்தால்தான் அந்த ஓட்டத்துக்குத் தீர்ப்பு. பிழையே நுழையாத ஓட்டம் பச்சை காட்டினால் அது தேர்ச்சி ஆகாது. பரீட்சைக்கே வராதவனுக்கு மார்க் போடுகிற கதை அது.

முன்பு "தோற்றால் மூன்று தடவை முயற்சி செய், ஒன்றில் தேறினால் போதும்" என்றும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். செல்லாத ஓட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டலாம். தோற்ற ஓட்டத்தை மறுபடி ஓட்டி மறக்கக் கூடாது.

இரண்டாவது பிழையும் வெளியே வந்தது

ரேஸ்கள் போனதும், இத்தனை நாள் சத்தத்துக்குள் மறைந்திருந்த இன்னொன்றும் தெரிந்தது. எஃப்சிங்க் தோற்றால் என் புரோகிராம் இன்னொரு தடவை கூப்பிடும். இரண்டாவது தடவை தேறினால் சீட்டு அடிக்கும். நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா?

போஸ்ட்கிரெஸ் ஆட்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2018-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. லினக்ஸில் எஃப்சிங்க் தோற்றால், எழுதப்படாத அந்தப் பக்கங்களைக் கெர்னல் "சுத்தம்" என்று குறித்துவிடலாம். அடுத்த எஃப்சிங்குக்கு எழுத எதுவும் மிச்சமில்லை, ஆகவே வெற்றி என்று சொல்லும். தரவு வட்டில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 11.2 முதல், எஃப்சிங்க் தோற்றால் திரும்ப முயலாமல் சர்வரையே நிறுத்தி, லாகிலிருந்து மீண்டு எழுகிறது. 2020-இல் விஸ்கான்சின் குழுவின் ஆந்தனி ரெபெல்லோ, யுவராஜ் படேல், ராம்நாதன் அழகப்பன் முதலானோர் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றிலும் இதை முறையாகச் சோதித்து எழுதினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் இடைத்தரகரால் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. அது பொய்யாகப் "பிழை" என்று சொல்கிறதே தவிர, பக்கங்களைத் தொடுவதில்லை. அதனால் இரண்டாவது எஃப்சிங்க் நிஜமாகவே எழுதிவிடும், டெஸ்ட் பச்சை. கீழே டிஎம்-எரர் அடுக்கை வைத்து வட்டையே எழுத மறுக்க வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதிலும் ரேஸ் உண்டு: நாம் எழுதியதற்கும் வட்டைக் கெடுப்பதற்கும் நடுவில் கெர்னல் பின்னணியில் எழுதி முடித்துவிட்டால், எஃப்சிங்க் நியாயமாகவே தேறும். பழையபடி, பிழை விழுந்ததா என்று எண்ணிப் பார்த்துத்தான் தீர்ப்பு. சரிபார்க்கும்போதும் அன்மவுண்ட் செய்து மவுண்ட் செய்த பிறகே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் நினைவகத்தில் உள்ள நகலைப் படித்துவிட்டு வட்டில் இருப்பதாக ஏமாறுவோம்.

இப்போதைய நிலைமை

புரோகிராமில் மாறியது மொத்தம் பதினைந்து வரி இருக்கும். ரீநேமுக்குப் பிறகு டைரக்டரிக்கும் எஃப்சிங்க். எல்லாம் தேறினால்தான் சீட்டு. எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது. திரையில் சிவப்பு எழுத்தில் "பதிவாகவில்லை, கையால் எழுதவும்" என்று நிற்கும். சீட்டு வர முன்னைவிட ஒரு கணம் தாமதம், யாரும் கவனிக்கவில்லை.

டெஸ்ட்டில் மாறியது நானூறு வரிக்கு மேல். ஸ்லீப் எல்லாம் போனதால், பதினோரு நிமிடம் ஓடிய தொகுப்பு ஒன்றரை நிமிடத்தில் முடிகிறது. அடுத்து டிஎம்-லாக்-ரைட்ஸுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். 2015 முதல் லினக்ஸில் இருக்கிறது. வட்டுக்குப் போன ஒவ்வொரு எழுத்தையும் வரிசையாகப் பதிவு செய்துவிடும். பிறகு எந்தப் புள்ளி வரை வேண்டுமோ அதுவரை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அதாவது ஒரே ஓட்டத்தில் எல்லாப் புள்ளியிலும் கரண்டை வெட்டிப் பார்த்ததாகும்.

செயற்கைச் சோதனை போதாது என்று, ஆலை ஓய்வாக இருந்த ஒரு மதியம் மாமா சம்மதத்தோடு போய், சீட்டு வர வர பிளக்கை உருவினேன். முப்பது தடவை. வட்டு தனக்குள்ளேயே பொய் சொல்கிறதா என்பதை மென்பொருள் அடுக்கை வைத்துச் சோதிக்க முடியாது, அதற்கு இதுதான் வழி. முப்பது சீட்டு, முப்பது பதிவு. எடை மேடையில் நின்ற பையன், "சார், இதுக்கு யு.பி.எஸ். பேட்டரியை மாத்தியிருக்கலாமே" என்றான். அதையும் மாற்றியாயிற்று.

உங்கள் டெஸ்ட் தொகுப்பில் ஸ்லீப் என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொன்றுக்கும், "எந்த நிகழ்வுக்காக இங்கே காத்திருக்கிறோம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தால் அந்த நிகழ்வுக்கே காத்திருக்க வைத்துவிடலாம். பதில் தெரியவில்லை என்றால், அந்த ஸ்லீப்பை எடுத்துவிட்டு நூறு தடவை ஓட்டிப் பாருங்கள். வருகிற சிவப்பில் எது பொய், எது நிஜம் என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன் எதையும் பச்சையாக்கிவிடாதீர்கள்.